குவியாமல் ஓடும் வேலை

மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் படுத்திருப்பவரின் கண்புரையை அகற்றி அவர் லென்ஸ் பொருத்திக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மேசையில் அடுத்தவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுற்றிச் சுத்தம் செய்து, துணி விரித்து, கருவித் தட்டையும் தயாராக வைத்துவிடுகிறார்கள். முதல் கண் முடிந்ததும் நுண்ணோக்கி இந்தப் பக்கம் திரும்புகிறது. அந்த மேசையில் இருந்தவர் இறங்க, அங்கே மூன்றாமவர் வருகிறார். மணிக்கு ஆறு முதல் எட்டு அறுவைகள். ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2000 கண்களுக்கு மேல் பார்த்துவிடுகிறார். நாட்டின் மற்ற இடங்களில் இதன் சராசரி சில நூறுதான்.

கேட்டதும் யாருக்கும் முதலில் வருவது பயம். கண் சமாச்சாரமாயிற்றே, இத்தனை வேகம் ஆகுமா?

பயம் நியாயமானதுதான். பதிலை எண்களில் தேடலாம். கண்புரை அறுவையில் எல்லோரும் அஞ்சுவது கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பதை. பார்வையையே பறித்துவிடக்கூடியது அது. 2011 முதல் 2016 வரை அரவிந்தின் பத்து மருத்துவமனைகளில் நடந்த ஆறு லட்சம் அறுவைகளை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து, 2017-ல் சர்வதேச ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். பத்தாயிரம் கண்களுக்கு ஏழு என்ற அளவில் இருந்த தொற்று, அறுவை முடியும்போது கண்ணுக்குள் ஒரு துளி ஆன்டிபயாட்டிக் செலுத்தும் வழக்கத்தால் இரண்டாகக் குறைந்திருந்தது. முன்பிருந்த ஏழும் மோசமான எண் அல்ல. இத்தனை பேரை இத்தனை வேகத்தில் பார்க்கும் இடத்தில் தொற்று கூடவில்லை, குறைந்திருக்கிறது.

எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அரவிந்தில் மருத்துவரின் கையை யாரும் விரட்டுவதில்லை. லென்ஸ் பொருத்த எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் அவர் எடுத்துக்கொள்கிறார். வெட்டப்பட்டது வேறு நேரம்: நோயாளி வருவதற்காக மருத்துவர் காத்திருந்த நேரம், கருவி வருவதற்காகக் காத்திருந்த நேரம், முதுநிலை படித்த ஒருவர் கண்ணைத் துடைத்து மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரம். அந்த வேலைகளையெல்லாம் செய்வதற்கு, பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டு வருடம் அங்கேயே பயிற்சி கொடுத்து வளர்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தெளிவாக வரையறுத்த வேலை. தட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கும் என்பது நாளுக்கு நாள் மாறாது. நாளை எத்தனை அறுவை என்பது இன்றைக்கே கணக்காகி, அதற்கேற்ப ஆளும் பொருளும் ஒதுக்கப்பட்டுவிடும். எந்த அறுவையில் என்ன சிக்கல் வந்தது என்பது பதிவாகி, பிறகு எல்லோருமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

இதை உருவாக்கியவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918-ல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. அந்த விரல்களோடுதான் கண் அறுவை கற்றார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து, எந்த ஊரில் நுழைந்தாலும் ஒரே தரத்தில் கொடுக்க முடிகிறதே, கண்புரை அறுவையை ஏன் அப்படிக் கொடுக்கக்கூடாது என்று வெளிப்படையாகவே கேட்டவர். மருத்துவத்தை ஹாம்பர்கரோடு ஒப்பிடுவதா என்று முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அவர் பார்த்தது தின்பண்டத்தை அல்ல, யார் செய்தாலும் பிசகாத முறையை. வயலில் கண் தெரியாமல் தடுமாறிய லட்சக்கணக்கானவர்களுக்கு அப்படி ஒரு முறை தேவைப்பட்டது. பாதிக்கு மேற்பட்டோருக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ சிகிச்சை தர முடிந்ததும் அந்த முறையால்தான்.

லென்ஸ் மட்டும் இடித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் இருந்தபோது ஏழைக்கு அதைப் பொருத்த வழியில்லை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலை தொடங்கி, பத்து டாலர் அளவுக்கு விலையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அது இன்னும் இறங்கியது. தையல் நூல், மருந்து என்று வரிசை நீண்டது. மேலே சொன்ன ஆன்டிபயாட்டிக் துளியும் அங்கே தயாராவதுதான்.

இன்னொரு எண்ணையும் சொல்லாமல் விடக்கூடாது. 2017-ல் வந்த மற்றோர் ஆய்வு, அரவிந்தில் ஒரு கண்புரை அறுவைக்குக் கழிவு கால் கிலோ அளவில்தான் சேருகிறது என்று கணக்கிட்டது. ஓர் அறுவையால் காற்றில் கலக்கும் கரியமில வாயு ஏறத்தாழ 6 கிலோ. பிரிட்டனில் இதே அறுவைக்கு ஆவதில் இது இருபதில் ஒரு பங்கு. பலனோ இரண்டு இடத்திலும் ஒப்பிடத்தக்கது.

அரவிந்தில் யாரும் இந்த வேலைமுறையைத் தொழிற்சாலைப் பாடமாகப் படித்துவிட்டு வரவில்லை. ஆனால் உலகெங்கும் ஆலைகளில் ‘லீன்’ என்று சொல்லித்தரப்படுவது பெரும்பாலும் இதுதான். அந்தப் பெயர் அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-களின் கடைசியில் வைத்தது. முறை டொயோட்டாவுடையது. அதன் வேர் காரில் இல்லை, தறியில் இருக்கிறது என்பது மில் ஊரான மதுரைக்காரர்களுக்குச் சந்தோஷம் தரும் செய்தி. சகிச்சி டொயோடா என்ற தச்சர் மகன், இழை அறுந்தால் தானாக நின்றுவிடும் தறியைச் செய்தார். அதுவரை அறுந்த இழையைக் கவனிக்க ஒவ்வொரு தறிக்கும் ஒரு ஜோடிக் கண் வேண்டியிருந்தது. அறுந்தது தெரியாமல் ஓடினால் முழத்துக்கு முழம் துணி வீண். தறியே நின்றுவிட்டால் ஒருவர் பல தறிகளைப் பார்க்கலாம், பழுதுத் துணியும் சேராது. 1924-ல் முழு வடிவம் பெற்ற அந்தத் தறியின் உரிமையை 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் விலைக்கு வாங்கியது. அந்தக் குடும்பம் அடுத்துக் கார் செய்ய இறங்கியது.

பிறகு டொயோட்டாவுக்கு வந்த தாயிச்சி ஓனோ இரண்டு விஷயங்களைக் கறாராகப் பிடித்துக்கொண்டார். கோளாறு தெரிந்த நொடியில் வேலை நிற்க வேண்டும், நிறுத்தும் உரிமை வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கே வேண்டும். இது ஒன்று. தேவைக்கு மேல் செய்து குவிக்கக்கூடாது என்பது மற்றொன்று. குவியல் பணத்தை முடக்குகிறது என்பது எல்லா முதலாளிக்கும் தெரியும். குவியல் கோளாறை மறைக்கிறது என்பதுதான் ஓனோ கற்றுக்கொடுத்தது. ஆயிரம் உதிரிகள் அடுக்கியிருந்தால் அதில் இருநூறு பழுது என்பது ஒரு வாரம் கழித்துத் தெரியும். பத்து மட்டும் இருந்தால் அடுத்த மேசைக்காரர் உடனே கத்துவார்.

இந்த ஒழுங்கு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மதுரையில் 1911-ல் தொழில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் பஸ்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்பது இன்றும் பெரியவர்கள் சொல்லும் பேச்சு. சாலையில் கிடக்கும் லாட ஆணிகளைப் பொறுக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓட விடுவார்களாம். டயர் பஞ்சரான பிறகு ஒட்டுவதைவிட ஆணியை முன்னாலேயே எடுப்பது மேல் என்ற அந்த யோசனைதான், இன்று ஆலைகளில் பெரிய பெயர்கள் வைத்து நடத்தப்படும் பராமரிப்புப் பயிற்சிகளின் சாரம். 1972-ல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. டி.வி.எஸ். குழுமத்தின் கவனம் உதிரி பாகங்களிலும் வண்டிகளிலும் இருந்தது. ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்து வருடக்கணக்கில் பாடம் கேட்டு, 1998-ல் சுந்தரம் கிளேட்டன் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அது. 2001-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் என்று வரிசையாக வந்தன. டெமிங் பரிசு முழுத்தர மேலாண்மைக்கானது. லீனும் அதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

பெரிய கம்பெனிகளின் கதை இவ்வளவு போதும். அவர்களுக்குப் பணமும் பேராசிரியரும் கிடைத்தார்கள். கவலைப்பட வேண்டிய இடம் தெற்கே இருக்கிறது.

திருமங்கலம், விருதுநகர் தாண்டினால் கரிசல் வெளி விரிகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை. மழை பொய்க்கும் இந்த மண்ணில் 1920-களில் தீப்பெட்டியும் அதைத் தொடர்ந்து பட்டாசும் வேரூன்றின. இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. ஆலைகளை வெளியிலிருந்து பார்த்தால் ஆலை மாதிரியே தெரியாது. பொட்டல் காட்டில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். நடுவில் வேம்பு.

அந்த இடைவெளி சட்டம் போட்டது. வெடிபொருள் விதிகள் அறைகளுக்கு நடுவே தூரம் கேட்கின்றன. ஓர் அறைக்குள் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. வெடிமருந்து கலக்கும் அறை தனி, அதைப் பட்டாசுக்குள் செலுத்தும் அறை தனி. எந்த அறையிலும் ஒரு நேரத்தில் குறித்த அளவுக்கு மேல் மருந்து இருக்கக்கூடாது. கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும். அலுமினியத் தூள் கலந்த மருந்து மிஞ்சி இரவெல்லாம் கிடந்து ஈரம் பட்டால், உள்ளுக்குள்ளேயே வினை தொடங்கிச் சூடேறும். மறுநாள் காலையில் கை வைத்தால் போதும்.

கவனித்துப் படித்தால் இந்த விதிகள் முழுக்க லீன்தான். ஒரு மேசைக்கு முன்னால் இவ்வளவு சரக்குக்கு மேல் நிற்கக்கூடாது, சிறு சிறு அளவாக நகர்த்து, முடித்ததை முன்னே அனுப்பிவிட்டு அடுத்ததை எடு. டொயோட்டாவில் இதை மீறினால் பணம் முடங்கும். சாத்தூரில் மீறினால் உயிர் போகும். கைக்குக் கொஞ்சம் மருந்தும் அறைக்கு நான்கு பேரும் இருந்தால், தீப்பொறி விழுந்தாலும் விபத்து அந்த அறையோடு முடிய வாய்ப்பிருக்கிறது. குவித்து வைத்தால் அறை விட்டு அறை தாவும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் அப்படித்தான் தாவியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் மட்டுமல்ல, புகையைப் பார்த்து உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்தாரும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக் குழு அமைத்தது. இந்த வட்டாரத்து விபத்துச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு வாசகங்கள் மனப்பாடம் ஆகியிருக்கும்: அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், அளவுக்கு மேல் மருந்து, அறைகள் உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தன, மரத்தடியில் வைத்து வேலை நடந்தது.

ஏன் திரும்பத் திரும்ப இதே வாசகங்கள்? தொழிலாளிக்கு ஆபத்து தெரியாததால் என்று சொல்வது எளிது. அது பொய். மருந்து அறையில் உட்காரும் பெண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஆபத்து வேறு யாருக்கும் தெரியாது.

உள்குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமம் ஒருவர் பெயரில். அறைகளோ நான்கைந்து பேருக்கு வாடகைக்கு. ஒவ்வொரு குத்தகைக்காரருக்கும் தன் அறையில் எவ்வளவு வெளிவருகிறது என்பதே கணக்கு. கலக்கும் அறையிலிருந்து செலுத்தும் அறைக்கு எப்போது எவ்வளவு மருந்து போகவேண்டும் என்று முழு ஆலையையும் ஒரே ஓட்டமாகப் பார்க்க ஆளே இல்லை. வாடகை கொடுத்த இடத்தில் கூட நாலு பேரை உட்காரவைத்தால் லாபம். இடம் போதாவிட்டால் வேப்ப மரத்து நிழல்.

கூலியையும் சேர்த்துப் பாருங்கள். எண்ணிக்கைக்குக் கூலி. எத்தனை செலுத்தினாரோ அத்தனைக்குப் பணம். மருந்து தீர்ந்து, அடுத்த கிண்ணம் வரும்வரை சும்மா இருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. அப்புறம் ஏன் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் மருந்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளமாட்டார்? அரவிந்தில் காத்திருப்பைக் குறைக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. இங்கே காத்திருப்பின் செலவு தொழிலாளியின் தலையில். அதனால் விரைவது அவர் கை. உராய்வில் வெடிக்கும் பொருளைக் கையாளும் கை.

தீபாவளி நெருங்கினால் இந்த நெருக்கடி பல மடங்காகும். ஆண்டு முழுவதும் வேலை நடந்தாலும் கடைசி மாதங்களின் ஆர்டர்தான் ஆலையை ஆட்டிவைக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்ந்த பட்டாசையும் சரவெடியையும் தடுத்த பிறகு, எதைச் செய்வது, எது விற்கும், எந்த மாநிலம் கடைசி நேரத்தில் தடை போடும் என்ற கலக்கமும் சேர்ந்துகொண்டது. வேலையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சமமாகப் பரப்புவது லீனில் ஒரு முக்கியப் பாடம். பட்டாசில் அதைச் செய்ய முதலாளி ஒருவரால் முடியாது. டெல்லியில் தீர்ப்புகள் வரும் நேரமும், வடக்கே மொத்த வியாபாரிகள் முன்பணம் கொடுக்கும் நேரமும் அதில் சேர்ந்திருக்கின்றன.

ஆனால் சிலவற்றை அவர் ஒருவராலேயே செய்ய முடியும். மருந்து வரும் வரை காத்திருக்கும் நேரத்துக்கும் நாள் கூலி கொடுக்கலாம். சிறு கிண்ணத்தில் அடிக்கடி மருந்து கொண்டுவந்து கொடுப்பதற்கென்று ஆள் போடலாம். போர்மேனுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் தந்து, நிறுத்தியதற்காக அவரைக் கேள்வி கேட்காமல் இருக்கலாம். இன்றைக்கு விபத்து நடந்தால் முதலில் கைதாவது போர்மேன். அதற்கு முந்தைய நாள் ஐந்தாவது ஆளை அறையிலிருந்து வெளியே அனுப்பியிருந்தால் வேலை போவதும் அவருக்குத்தான். இதைவிடக் கொடுமையான வேலை நியமனம் இருக்க முடியாது.

லீன் என்ற பெயரில் அநியாயமும் நடக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. பெரிய கார் கம்பெனிகள் தங்கள் வளாகத்தில் சரக்கு தேங்காமல் பார்த்துக்கொள்கின்றன. அந்தச் சுமை அடுத்த படியிலுள்ள உதிரி பாக ஆலைக்கும், அதற்கும் கீழே ஷெட்டில் நாலு பவர் பிரஸ் வைத்திருப்பவருக்கும் இறங்குகிறது. ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு ஹரியானாவின் வாகன உதிரி பாக ஆலைகளில் காயம்பட்டவர்களைச் சந்தித்து 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. ஆயிரக்கணக்கானோர். பெரும்பாலும் பவர் பிரஸில் நசுங்கிய விரல்கள். கை உள்ளே இருந்தால் இயந்திரம் இறங்காமல் தடுக்கும் சென்சார் இல்லாத, அல்லது இருந்தும் கழற்றிவைக்கப்பட்ட பிரஸ்கள். டொயோட்டாவின் முதல் பாடமே கோளாறு என்றால் இயந்திரம் நிற்க வேண்டும் என்பது. நூல் இழைக்கு நின்ற இயந்திரம் விரலுக்கு நிற்கவில்லை என்றால் அதை லீன் என்று அழைக்கக்கூடாது. சரக்கைக் குறைத்த கணக்கு மட்டும் மேலே போய், மனிதரைக் காத்த கணக்கு கீழே வராமலே போன கதை அது.

மதுரையிலும் இந்தப் படிநிலை உண்டு. கப்பலூர் தொழிற்பேட்டையிலும் ஊரைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும் ரப்பர் பாகம், இரும்பு உதிரி, பிளாஸ்டிக் என்று பெரிய கம்பெனிகளுக்குச் செய்துகொடுக்கும் சிறு ஆலைகள் பல. இவர்களுக்கென்றே ஒன்றிய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் லீன் திட்டம் ஒன்றை வைத்திருக்கிறது. பழைய வடிவத்தைப் புதுக்கி 2023 மார்ச் 10 அன்று மீண்டும் தொடங்கினார்கள். அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகள். ஆலோசகர் வந்து வழிகாட்டும் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. ஒரு பட்டறை முதலாளி இதைவிடக் குறைந்த செலவில் நல்ல ஆலோசனை பெற முடியாது. எழுதிப்போட்டுச் சேர்வது புத்திசாலித்தனம்.

சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் கவனம் வேண்டும். பல இடங்களில் லீன் என்பது தரையில் மஞ்சள் கோடு போடுவதாகவும், ஸ்பேனர் படத்தைப் பலகையில் வரைந்து மாட்டுவதாகவும் முடிந்துவிடுகிறது. கோடு வேண்டியதுதான். எண்ணெய் சிந்தாத தரையில் யாரும் வழுக்கி விழமாட்டார்கள், தேடாமல் கிடைக்கும் ஸ்பேனர் நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஆலோசகர் வரும் முதல் நாளில் முதலாளி காட்டவேண்டியவை வேறு. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னால் எத்தனை மணி நேரத்துக்கான சரக்கு நிற்கிறது என்ற கணக்கு ஒன்று. கடந்த மூன்று வருடத்தில் ஈ.எஸ்.ஐ.க்குப் போன காய அறிக்கைகள் இன்னொன்று. எந்த இயந்திரம், எந்த ஷிஃப்ட், பட்டவர் நிரந்தரமா கான்ட்ராக்டா என்பதுவரை பார்க்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்த இயந்திரத்தில் நிற்பவரும் கூட்டத்தில் இருக்க வேண்டும். சரக்கு நெருக்கும்போது காவல் தகட்டை யார் கழற்றச் சொன்னார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். மறுநாள் அவருக்கு வேலை இருக்கும் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் அவர் வாயைத் திறப்பார்.